ஸ்பேசர் போட்டால் போல்ட்டும் மாறணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முத்தியால்பேட்டையில் 22 வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி பழைய போர்ஷே காரோடு வந்தார். ஈசிஆரில் வேகம் எடுத்தாலே ஸ்டீயரிங் உதறுகிறதாம். முன்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே 7 மி.மீ. ஸ்பேசர், அதாவது சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்தப் போடும் வளையம். போல்ட் பழையதே, நீளம் பத்தாமல் நாலு சுற்றில் கையோடு வந்துவிட்டது. எனக்கு வயிறு கலங்கிப்போச்சு. சக்கரம் உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் விட்டம் போர்ஷேயில் 71.6 மி.மீ. அந்த ஸ்பேசரின் நடுத்துளையோ அதைவிடப் பெரிது, நகம் நுழைகிற இடைவெளி. உதறாமல் என்ன செய்யும்?

சக்கரம் மட்கார்டுக்குச் சமமாக நிற்பது அழகுதான், ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் அளந்து வாங்குங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டி மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டால், சக்கரம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்கணும். பள்ளத்தில் இறங்கும்போது டயர் உரசாதபடி சில மில்லிமீட்டர் குறைத்தே போடணும். அப்புறம், ஸ்பேசர் எத்தனை மி.மீ.யோ, போல்ட்டும் அத்தனை மி.மீ. கூடுதல் நீளம் வேண்டும். விற்பவர்களே, இதைச் சொல்லாமல் ஸ்பேசரை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

- டயர் கடைக்காரர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி