தனிமையில் உள்ள வீடுகளுக்கு உணவுப்பொருள்: வெள்ளிக்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

தொற்று வந்தவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்ன நாம்தான், அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2020 கொரோனா ஊரடங்கில் வேலையிழந்த பலர் நோயைவிடப் பசிக்கே அஞ்சினார்கள். அந்த நிலை இங்கே யாருக்கும் வரக் கூடாது.

1. தனிமையில் இருப்பவர்கள் தேவையான பொருள், மருந்துப் பட்டியலை வெள்ளி இரவு 8 மணிக்குள் எனக்குத் தனியே அனுப்புங்கள். வருமானம் நின்றுபோனவர்களும் கூச்சமின்றி எழுதுங்கள். உங்கள் பெயர் குழுவில் வராது.

2. விநியோகம் சனி காலை 7 முதல் 9 வரை. முகக்கவசம் கட்டாயம். பொருளை வாசலில் வைத்து, அழைப்புமணி அடித்துவிட்டு விலகிவிடுங்கள்.

3. தயவுசெய்து வாங்கிப் பதுக்காதீர்கள். அன்றாடக் கூலியில் வாங்குபவருக்குத்தான் முதலில் இல்லாமல் போகும்.

கொண்டுபோய்க் கொடுக்க ஆறு பேர் தேவை. முடிந்தவர்கள் இன்றே "வருகிறேன்" என்று பதிலிடுங்கள்.