பனி மூடிய கதவுகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போட முடியவில்லை. படியில் கால் பிசகி விழுந்து வலது கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு இன்றோடு பத்தொன்பது நாள். பயப்படாதே, ஆபரேஷன் தேவைப்படவில்லை, இன்னும் மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாம் என்கிறார் டாக்டர். உன் அம்மா பிடிமானம் இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. போன வருஷம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இன்னும் பேய்ப் படம் பார்க்கிறாயா என்று கேட்டிருந்தாய். பார்க்கிறேன். இந்தப் பத்தொன்பது நாளும் பனி கொட்டுகிற இடத்துத் திகில் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். காட்டு பங்களா, பாழடைந்த அரண்மனை எல்லாம் நாம் சேர்ந்து எத்தனையோ பார்த்துவிட்டோம். பனிப் படங்கள் தரும் பயம் வேறு மாதிரி. அது ஏன் என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் பார்த்தது 'மிசரி', 1990-இல் ராப் ரெய்னர் இயக்கியது. ஓர் எழுத்தாளர் மலைப்பாதையில் பனிப்புயலில் சிக்கிக் காரோடு உருண்டுவிடுகிறார். அவரைக் காப்பாற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் அவருடைய தீவிர ரசிகை, நர்ஸ் வேலை பார்த்தவள். இரண்டு காலும் முறிந்து கிடக்கிறவரிடம், ரோடு அடைபட்டிருக்கிறது, போன் வேலை செய்யவில்லை என்கிறாள். அவரும் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு பனி கிடக்கிறதே! அவள் பொய்க்கு அந்தப் பனிதான் சாட்சி. அவருடைய காரை மூடி மறைத்திருப்பதும் அதே பனிதான். தேடி வருகிற ஷெரிஃப் பக்கத்தில் வந்து நின்றும் கார் கண்ணில் படுவதில்லை.

ஒரு காட்சி. அவள் வெளியே போயிருக்கும்போது அவர் சக்கர நாற்காலியில் அறையை விட்டு வருகிறார். மேஜையில் இருந்த சின்னப் பீங்கான் பெங்குவின் பொம்மை இடறி விழப்போகிறது. சட்டென்று பிடித்துத் திரும்ப வைத்துவிடுகிறார். ஆனால் அந்தப் பொம்மை எப்போதும் தெற்கே பார்த்துத்தான் நிற்கும். அது ஒன்றே போதும், அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். என் கட்டிலிலிருந்து கதவுக்கு ஊன்றுகோலோடு ஒன்பது எட்டு, வசந்தி. அந்தக் காட்சியில் நான் மூச்சே விடவில்லை. கேத்தி பேட்ஸுக்கு இந்த வேஷத்துக்காக ஆஸ்கர் கொடுத்தார்கள், தகும்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. மற்றப் பேய்ப் படங்களில் வீட்டுக்குள் ஆபத்து, வெளியே ஓடிவிட்டால் பிழைத்தாய். 'ஏன் இவர்கள் ஓடவே மாட்டேன் என்கிறார்கள்' என்று நாம் கத்துவோமே, ஞாபகம் இருக்கிறதா? பனிப் படத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வெளியே போனால் குளிரே கொன்றுவிடும். ஆகவே உள்ளே யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் இருந்தாக வேண்டும். அவர்கள் யார் என்பதில்தான் பயமே இருக்கிறது.

இதை 'தி திங்' அளவுக்கு முழுசாகச் சொன்ன படம் வேறு இல்லை என்பேன். ஜான் கார்பென்டர் இயக்கி 1982-இல் வந்தது. அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம், பன்னிரண்டு ஆண்கள். வெள்ளை வெளியில் ஒரு நாய் ஓடி வருகிறது, ஒரு ஹெலிகாப்டர் அதைத் துரத்திச் சுடுகிறது. இறங்கி வருகிற நார்வேக்காரர் ஏதோ கத்துகிறார். யாருக்கும் புரியவில்லை, அவரைச் சுட்டுவிடுகிறார்கள். அவர் கத்தியது 'அது நாயே இல்லை, தள்ளிப் போங்கள்' என்றுதான். நார்வே மொழி தெரிந்தவர்களுக்கு முதல் பத்து நிமிடத்திலேயே மொத்தக் கதையும் தெரிந்துவிடும்! மற்றவர்கள் எல்லாரும் அந்த நாயைத் தடவிக்கொடுத்து உள்ளே அழைத்துக்கொள்கிறார்கள். அது எந்த உயிரின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஜந்து. அப்புறம் பக்கத்தில் இருப்பவன் மனிதனா, அதுவா என்று யாருக்கும் தெரியாது.

இரத்தப் பரிசோதனைக் காட்சிதான் உச்சம். ஆட்களை நாற்காலியோடும் சோபாவோடும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் இரத்தமும் சின்னக் கண்ணாடித் தட்டில். ஒரு செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்க்கிறான் நாயகன். மனித இரத்தமானால் 'சுர்ர்' என்று அடங்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்தச் சத்தம் பழகிப்போகிறது. அவன் வேறு பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே கம்பியை வைக்கிறான். அந்தத் தட்டு துள்ளி எழுகிறது. எனக்குத் தெரிந்தே இருந்தும் கட்டில் ஆடிவிட்டது. அதற்குச் சற்று முன்னால் அவன் சுட்டுக் கொன்ற ஒருவனின் இரத்தம் மனித இரத்தம்தான் என்று தெரியவருகிறதே, அந்த ஒரு நொடி அமைதி ஜந்துவைவிட என்னை அதிகம் படுத்தியது.

முகாமுக்குள் நடிகர்களின் வாயிலிருந்து புகை வருவது நிஜம். லாஸ் ஏஞ்சலீஸ் ஸ்டுடியோவில் செட்டையே குளிரூட்டி எடுத்திருக்கிறார்கள். வெளிக்காட்சிகளுக்குக் கனடாவில் ஸ்டூவர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் உண்மையான பனியில் முகாம் கட்டினார்கள். வந்த புதிதில் விமர்சகர்கள் திட்டித் தீர்த்த படம் இது. இரண்டு வாரம் முன்னால்தான் 'ஈ.டி.' வந்து எல்லாரும் அந்த அன்பான வேற்றுக்கிரகக் குழந்தையில் உருகிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு, தென்துருவத்தில் இருக்கிற அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில், பிப்ரவரியில் கடைசி விமானம் கிளம்பிப் போனதும், குளிர்காலம் முழுக்கத் தங்கப்போகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது இந்தப் படத்தைத்தான். மார்ச்சில் மறைகிற சூரியன் செப்டம்பரில்தான் அங்கே திரும்பி வரும். அந்த அறையில் உட்கார்ந்து இதைப் பார்க்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

'யாரும் வர மாட்டார்கள்' என்பது சினிமாவுக்காகச் சொல்வதில்லை. லியோனித் ரோகசோவ் என்ற சோவியத் டாக்டர் 1961-இல் அண்டார்டிகாவின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருந்தார், வயது 27. குடல்வால் வீங்கிவிட்டது. பதின்மூன்று பேரில் டாக்டர் அவர் ஒருவர்தான். ஏப்ரல் 30 இரவு தன் வயிற்றைத் தானே கிழித்து அதை எடுத்தார். பக்கத்தில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவம் படிக்காத சகாக்கள் கருவிகளை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு இது பேய்க் கதைகளை விடப் பெரிய கதை. இங்கே கூட இருந்தவர்கள் மனிதர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

'தி ஷைனிங்' நீயும் பார்த்திருக்கிறாய், அதனால் நீட்டவில்லை. 1980-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்தது, பனியில் அடைபட்ட ஹோட்டல், கோடாலியோடு துரத்துகிற அப்பா. கடைசியில் வரும், புதர்ச் சுவர்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் போகிற புதிர்ப்பாதையை மட்டும் இன்னொரு முறை பார். சிறுவனின் கால்தடம் பனியில் பதிந்துகொண்டே வருகிறது, அப்பா அதைப் பிடித்துக்கொண்டே வருகிறார். பையன் சட்டென்று நின்று, பதித்த தடங்களிலேயே கால் வைத்துப் பின்னால் நடந்து, பக்கத்தில் ஒதுங்கிவிடுகிறான். காட்டிக்கொடுத்த பனியே காப்பாற்றவும் செய்கிறது. அந்தப் பனி உப்பும் தெர்மாகோல் துகளும் என்று தெரிந்த பிறகும் எனக்குக் குளிர்ந்தது.

சத்தமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதிதாக விழுந்த பனிக்குள் காற்று இடைவெளி நிறைய, அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். காட்டுப் படத்தில் சருகு சத்தமாவது எச்சரிக்கும். பனியில் அதுகூடக் கிடையாது. 2008-இல் வந்த ஸ்வீடன் படம் 'லெட் தி ரைட் ஒன் இன்' அந்த நிசப்தத்திலேயே ஓடுகிறது. குடியிருப்பு முற்றத்தில், இரத்தம் குடித்து உயிர் வாழ்கிற ஒரு சிறுமி பனியில் வெறுமனே நிற்கிறாள். குளிரவில்லையா என்று பையன் கேட்க, குளிர்வது எப்படி என்று மறந்துவிட்டதாகச் சொல்கிறாள். எவ்வளவு காலமாக அவள் இப்படி இருக்கிறாள் என்பது அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால் 'க்வைடான்' பார். 1964, ஜப்பான், மசாகி கொபயாஷி. நான்கு தனிக்கதைகளில் ஒன்று பனிப் பெண்ணைப் பற்றியது. பனிப்புயலில் ஒரு குடிசையில் ஒதுங்கிய இரண்டு மரவெட்டிகளில் கிழவரை அவள் மூச்சு ஊதிக் கொன்றுவிடுகிறாள். இளைஞனை, யாரிடமும் சொல்லாதே என்று எச்சரித்து விட்டுவிடுகிறாள். பிறகு ஒருத்தியைக் கல்யாணம் செய்து, குழந்தைகள் பிறந்து, சந்தோஷமாக இருக்கிறான். ஓர் இரவு அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது முகத்தைப் பார்த்துப் பழைய ஞாபகம் வந்து அந்தக் கதையை அவளிடமே சொல்லிவிடுகிறான். அந்தப் பனிப் பெண்ணே அவள்தான்! குழந்தைகளுக்காக அவனை உயிரோடு விட்டுவிட்டுப் பனிக்குள் போய்விடுகிறாள். அவளுக்காக அவன் தன் கையால் பின்னிய வைக்கோல் செருப்பு அங்கேயே கிடக்கிறது. அதைக் கொண்டுபோய் வெளியே பனியில் வைத்துவிட்டு உள்ளே வருகிறான். கொஞ்ச நேரத்தில் செருப்பு அங்கே இல்லை.

அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவள் வந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ பார்த்துவிட்டு எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சாரதா