ஒரு மாதம்தான் அவகாசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனித உரிமை அமைப்புகளுக்கு ஹோட்டல்களில் கருத்தரங்கு வைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்று சென்ற ஞாயிறு இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கருத்தரங்குகளைப் பொறுத்தவரை எனக்கும் சம்மதமே. மொழிபெயர்க்கவென்று சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். பட்டீஸ் நன்றாக இருந்தது, பேச்சு ஒன்றும் நினைவில் இல்லை. ஆனால் புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பது வருடம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். மற்றதை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

2007 ஜூன் 7ஆம் திகதியை அவர் மறந்துவிட்டாரா? கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற, அவர் குறைசொல்லும் வகை அமைப்புத்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே இடைக்காலத் தடை உத்தரவு வந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவரால் வழக்குக்கு வேண்டிய சத்தியக்கடதாசி முடிக்க முடியாது. அவருக்காகக் கொழும்பில் யாரோ அன்றிரவு விழித்திருந்திருக்கிறார்கள்.

அது பெரிய விடயம். நான் சொல்ல வந்தது சின்னது.

எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் பெண் ஒருவர் இருக்கிறார். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் அவருடைய மகனைப் பொலிஸார் ஒரு களவு விடயமாகக் கொண்டுபோய், அடித்து, இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அந்தத் தாய் கடதாசிகளோடு என்னிடம் வந்தபோது நாற்பது நாளாகியிருந்தது. தெரிந்த ஓர் அமைப்பின் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளம் சட்டத்தரணி அடியைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் திகதியைத்தான் கேட்டார். கேட்டதும் அவர் முகம் வாடியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும்.

அப்போதுதான் அந்தப் பெண் பைக்குள்ளிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தார். அதற்குள், அரசு அமைத்த மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த முறைப்பாட்டுத் துண்டு ஒன்று இருந்தது. ஒன்பதாம் நாளே யாரோ சொல்லிப் போய் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்! 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்திருந்தால், ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்க்கமாட்டார்கள். துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்டவேண்டும். அதற்கான கடிதத்தை எடுக்க அந்தச் சட்டத்தரணி ஆணைக்குழுவுக்கு மூன்று தடவை அலைந்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

பொலிஸில் எழுதிய அவனுடைய வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரசகரும மொழியாகி 1987 முதல் எத்தனை வருடம் என்று நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தமிழாக்கி அந்தப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். தான் படியில் தவறி விழுந்ததாக அவன் சொல்லியிருந்தான். கீழே அவனுடைய கையெழுத்து. “நான் இப்படிச் சொன்னேனா, அன்ரி?” என்று கேட்டான். மனு இப்போது நீதிமன்றத்தில் இருப்பதால் இதற்குமேல் எழுதுவது முறையல்ல.

நம்மவர்கள் முதலில் கோயில் தலைவரிடம் போவார்கள், பிறகு கிராம சேவகரிடம், பிறகு தெரிந்த அரசியல்வாதியின் ஆளிடம். “பார்ப்போம்” என்று ஒவ்வொருவரும் ஒரு கிழமை எடுத்தாலே மாதம் போய்விடும். வக்கீல் வாசலை மிதிக்கும்போது வழக்கே இருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ராசிபலனுக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை ஒரு சிறு பெட்டி ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். “ஒரு மாதம்” என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் எப்படி முறைப்பாடு கொடுப்பது, சட்ட உதவி ஆணைக்குழுவில் எப்படி உதவி கேட்பது, துண்டை ஏன் பத்திரப்படுத்தவேண்டும் என்று நாலு வரி எழுதினால் போதும். சிங்களத்திலிருந்து தமிழாக்க ஆள் தேவையென்றால் நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.