ஆண்டு குறிப்பிடாத தலைப்புச் செய்திகள்: நாட்காட்டி தொடர்பான புகார்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
2026 ஜனவரி 27

விற்பனை முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

உங்கள் நிறுவனம் இவ்வாண்டுக்கு வெளியிட்ட தினசரி நாட்காட்டியை யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் வாங்கினேன். ஒவ்வொரு தாளிலும் அதே திகதிக்குரிய பழைய பத்திரிகைத் தலைப்பு ஒன்றை அச்சிடும் உங்கள் எண்ணத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தலைப்பைத் திகதியிலும் பெரிய எழுத்தில் போட்ட நீங்கள், அது எந்த ஆண்டுச் செய்தி என்பதை எந்தத் தாளிலும் போடவில்லை. பின் அட்டையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், 'தலைப்புகள் யாவும் பழையவை' என்று ஒரு வரி உண்டு. சுவரில் மாட்டிய நாட்காட்டியின் முதுகை யார் திருப்பிப் படிப்பார்கள்?

எங்கள் வீட்டில் விடியற்காலையில் தாள் கிழிப்பவர் பெரியம்மா. அச்சில் வந்தது பொய்யாகாது என்பது அவருடைய கொள்கை. தைப்பொங்கலாகிய ஜனவரி 15 அன்று, முற்றத்தில் கோலமிட்டு, அடுப்புக் கல் வைத்து, புதுப்பானையில் பாலும் வார்த்தாகிவிட்ட நேரத்தில், அவர் கிழித்தெடுத்த தாளில் 'இன்று சூரிய கிரகணம்: யாழ்ப்பாணத்தில் தெளிவாகத் தெரியும்' என்றிருந்தது. அது 2010 ஆம் ஆண்டு இதே திகதியில் நிகழ்ந்த கங்கண கிரகணம். அவ்வாண்டு பொங்கல் முதல்நாளே முடிந்துவிட்டதால் எவருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை. இம்முறையோ பெரியம்மா அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. பானைக்குள் தர்ப்பைப் புல்லைப் போட்டு மூடினார். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அயல் வளவுகளில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டபோது, "கிரகணத்துக்குள்ளேயே பொங்குதுகள்" என்று அவர்களுக்காகவும் வருந்தினார். அதே தாளின் அடியில் நீங்களே அச்சிட்டிருந்த திதியைக் காட்டி, அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கையில் சூரிய கிரகணம் வர வழியே இல்லை என்று நான் வாதாடிய பின்னரே அடுப்பு எரிந்தது. அதற்குள் வெயில் முற்றம் முழுவதும் பரவிவிட்டது.

அன்று மாலை எஞ்சிய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். நடந்ததைவிட நடக்கப்போவதை எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 ஆம் திகதித் தாள் கடிகாரங்களை அரை மணித்தியாலம் பின்நகர்த்தச் சொல்கிறது. மே 25 ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தச் சொல்கிறது. ஒக்டோபர் 26 மீண்டும் அரை மணித்தியாலம் பின்நகர்த்தச் சொல்கிறது. மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் கூட்டி, அவ்வாண்டு ஒக்டோபரிலேயே பாதியைக் குறைத்து, 2006 ஏப்ரலில் மீதியையும் குறைத்து நாடு பழைய நேரத்துக்குத் திரும்பிய கதை இது. பத்தாண்டுக் கதையை நீங்கள் திகதி வரிசையில் ஓராண்டுக்குள் அடுக்கிவிட்டதால், எங்கள் வீடு புத்தாண்டு முடிந்த கையோடு ஊருக்கு அரை மணித்தியாலம் பிந்தியும், மே கடைசியிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை அரை மணித்தியாலம் முந்தியும் வாழ நேரும். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் கணக்குச் சரிதானே என்று உங்கள் தரப்பில் எவரேனும் சொல்லக்கூடும். நல்லூர்த் தேருக்கு முந்திப் போய் நல்ல இடம் பிடிக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இராகுகாலத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது? ஜூலையில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாண எழுத்து, அதாவது திருமணப் பதிவு, இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஊர் நேரத்துக்கு வந்திறங்க, சுபநேரம் கழிந்துவிட்டதென்று பெரியம்மா படலையைச் சாத்தினால் அதற்கு உங்கள் நிறுவனம் பொறுப்பேற்குமா?

அதே ஜூலையின் 11 ஆம் திகதித் தாளில் 'விண்வெளி ஆய்வுகூடம் இன்று விழும்' என்று இருக்கிறது. 1979 இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் சிதறி விழுந்த ஸ்கைலாப்பைத்தான் சொல்கிறீர்கள். எழுத்துக்கு வந்து தங்கும் விருந்தினர் அனைவரையும் அன்றிரவு ஓட்டுக் கூரையின் கீழ் படுக்கவிடாமல் முற்றத்துக்கு அனுப்ப இந்த ஒரு வரி போதும்.

'50, 100 ரூபாய்த் தாள்கள் இனிச் செல்லாது' என்ற தாள் இன்னும் ஆபத்தானது. 1970 இல் நிதி அமைச்சர் என். எம். பெரேரா பதுக்கிய பணத்தை வெளிக்கொணர எடுத்த நடவடிக்கை அது. பெரியம்மாவின் கொட்டப்பெட்டிக்குள் பாக்குத் துண்டுகளோடு எட்டாக மடித்துக் கிடப்பவை பெரும்பாலும் நூறு ரூபாய்த் தாள்களே. விஷயம் ஊருக்குத் தெரியுமுன் மாற்றிவிட வேண்டுமென்று அவர் படலைக்கு வரும் மீன்காரரிடம் பெட்டியோடு மீனை வாங்கிவிட்டால், அதை வைக்க எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை.

'ஞாயிறு இனி வேலை நாள். போயாவே விடுமுறை' என்ற, நிலவின் கட்டங்களைக் கொண்டு வரும் பௌத்த போயா நாட்களை ஞாயிறுக்குப் பதிலாக விடுமுறையாக்கிய 1966 ஆம் ஆண்டுத் தலைப்பைப் பற்றி மட்டும் எனக்கு முறைப்பாடு இல்லை. தனியார் கல்வி நிலையங்களின் புண்ணியத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு எப்போதோ வேலை நாளாகிவிட்டது.

ஆகவே, தலைப்பின் அளவிலேயே ஆண்டையும் அச்சிட்ட மாற்று நாட்காட்டி ஒன்றை ஏப்ரல் 15 க்கு முன்னர் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், ஒவ்வொரு தாளிலும் ஒட்டக்கூடிய ஆண்டுச் சீட்டுகளையேனும் அனுப்புங்கள்; ஒட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவதாயின், தயவுசெய்து நூறு ரூபாய்த் தாள்களாகத் தர வேண்டாம்.

பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள வாடிக்கையாளர்