மான் வேட்டைக்குப் போகும் அகிம்சைக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மென்னோனைட் கிறிஸ்தவர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, கரன்ட் இல்லாத வீடு என்று கட்டுரையிலும் படத்திலும் முழுக்க ஆமிஷ்காரர்கள்தான் இருந்தார்கள். ஆமிஷ் என்பது மென்னோனைட்களிலிருந்து 1693 வாக்கில் பிரிந்துபோன கிளை. மென்னோனைட்களிலும் குதிரை வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் பதினொரு வருஷமாக என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மென்னோனைட். பிக்அப் டிரக் வைத்திருக்கிறார்.

'போரை மறுப்பவர்கள்' என்று கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. எனக்கு ஆச்சரியமே அங்கேதான். இவரிடம் மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை கழிந்த சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கும். விடிவதற்கு முன்பே ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு மகனோடு கிளம்பிவிடுவார். ஆனால் இவருடைய தாத்தா, இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் தொட மறுத்தவர். அதற்குப் பதிலாக மான்டானாவின் மிசூலாவிலிருந்து விமானத்தில் போய், பாராசூட்டில் குதித்துக் காட்டுத்தீ அணைத்தார். சம்பளம் கிடையாது.

"மானைச் சுடுகிற கை மனிதனைச் சுடாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அப்புறம் ஜனவரியில், உறைந்த குளத்தில் மீன் பிடிக்க என்னையும் கூட்டிப்போனார். கரையோரம் பனிக்கட்டியில் துளை போட்டு, விரலை விட்டுக் கனம் பார்த்தார். நாலு அங்குலம் இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டுமாம். தூண்டில் போட்டு உட்கார்ந்த பிறகு மகனுக்கு டிர்க் வில்லெம்ஸ் கதையைச் சொன்னார். நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊர்க்காரர். பெரியவரான பிறகு மறுபடி ஞானஸ்நானம் எடுத்ததற்காகச் சிறை. கந்தல் துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்பினார். உறைந்த குளத்தின் மேல் ஓடினார். சிறைச் சோற்றில் மெலிந்திருந்த உடம்பை மெல்லிய பனிக்கட்டி தாங்கியது. துரத்தி வந்தவன் உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அவனுக்கு இவரை விட்டுவிடத்தான் மனசு. கரையில் நின்ற மேயர் விடவில்லை. 1569 மே 16 அன்று டிர்க்கை உயிரோடு எரித்தார்கள்.

"ஓடிப்போயிருக்கலாமே, அப்பா" என்றான் பையன்.

"போயிருக்கலாம்தான்" என்றார், தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். நானாக இருந்தால் அங்கேயே ஒரு பிரசங்கம் வைத்திருப்பேன்.

பையனுக்கு 15 வயது. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவனாகக் கேட்க வேண்டும், அதுவரை அப்பா வாய் திறக்கமாட்டார். 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இவர்களுடைய முன்னோர் தனிச் சபை தொடங்கியதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். இரண்டே வருஷத்தில் அவர்களில் ஃபெலிக்ஸ் மான்ட்ஸை ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். நான் திருநெல்வேலி சிஎஸ்ஐ. மூன்று மாதக் குழந்தையிலேயே தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், என்னை யார் கேட்டார்கள்!

இப்போது ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கும் இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. இவர் போவதில்லை. அன்று சபையில் வாத்தியமில்லாமல் நாலு குரலில் பாட்டு, கீழ்க்குரல் இவருடையது.

அடுத்த முறை படத்தையாவது சரியாகப் போடுங்கள். போன டிசம்பரில் அவர் கொடுத்த மான்கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம். ஆட்டுக்கறியைவிடக் கூட நேரம் வேக வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லான்காஸ்டர், பென்சில்வேனியா