பல் பதிக்கும் முன் நான்கு கப்சூல்

ஆசிரியருக்கு,

தாடை எலும்பில் இம்பிளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு) பதித்துவிட்டு மட்டக்களப்பு, கல்முனை பாமஸிகளில் ஒரு கிழமைக்கான அன்டிபயோட்டிக் வாங்குவோர் கவனிக்க வேண்டியது இது.

வேறு நோயில்லாத ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம் முன் 2 கிராம் அமொக்சிசிலின், அதாவது 500 மில்லிகிராம் கப்சூல் நான்கு, ஒரே தடவையில் போதும். முரசை வெட்டும்போதே மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் விழுங்கும் முதல் கப்சூல் பிந்தியதுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2013 மீளாய்வின்படி, இப்படி 25 பேருக்குக் கொடுத்தால் ஒருவரின் இம்பிளாண்ட் கழராமல் தப்பும். அதற்குப் பின் நாட்கணக்கில் விழுங்குவதால் மேலதிக பயன் நிறுவப்படவில்லை. வயிற்றோட்டமும், மருந்துக்கு மசியாத கிருமிகளும்தான் பெருகும்.

அமொக்சிசிலின் பெனிசிலின் வகை மருந்து; பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் திகதி குறிக்கும்போதே சொல்லுங்கள். இதய வால்வு மாற்றியோர், கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளோர் கதை வேறு. அவர்களுக்கு வைத்தியர் தனியாகத் தீர்மானிக்க வேண்டும்.

இன்னொன்று: எலும்பு 47 பாகை செல்சியசில் ஒரு நிமிடம் சூடானாலே பழுதாகும். துளைக்கும்போது சூட்டைத் தணிக்கும் சேலைன் ஒழுங்காகப் பாயாவிட்டால் எந்தக் கப்சூலும் காப்பாற்றாது. (சிகரெட்டும் அப்படித்தான், அதை யார் கேட்கிறார்கள்!) மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினால், சீழ் வந்தால், பாமஸிக்கு அல்ல, பதித்த வைத்தியரிடமே போங்கள்.

பல் வைத்தியர் ஒருவர்,
கல்லடி.