அது பல்லி இல்லைடா

அன்புள்ள சரவணா,

நாங்கள் நலம். டார்ஜிலிங் மலையில் நாலு நாளாக விடாத மழை. "மழை பிடித்தால்தான் அது வெளியே வரும்" என்று கூட வந்த வழிகாட்டிப் பையன் சொன்னதால் பொறுத்துக்கொண்டோம்.

பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற உன் அம்மா, ஒரு குட்டைக் கரையில் முக்கால் மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். பார்த்துவிட்டேன்டா, இமயமலை சாலமாண்டரை!

முதலில் புல்லடியில் கிடந்த மக்கிய குச்சி என்றுதான் நினைத்தேன். அந்தக் குச்சி ஓரடி எடுத்து வைத்தது. ஒரு சாண் இருக்கும். நனைந்த காபித்தூள் நிறம், விலாவோரம் இரண்டு பக்கமும் வரிசையாகக் கொப்புளங்கள், துடுப்பு மாதிரி தட்டையான வால். விரலில் நகம் இல்லை, உடம்பில் செதில் இல்லை. அப்போதுதான் பயம் விட்டது. இது தவளைக்குச் சொந்தம், பல்லிக்கு இல்லை. சடாரென்று ஓடவும் இல்லை. ஒரு கால் வைத்து, யோசித்து, அப்புறம் அடுத்த கால். தொண்டை மட்டும் ஓயாமல் துடித்தது; அப்படி அசைத்துத்தான் காற்றை உள்ளே தள்ளுமாம். பிறகு தண்ணீரில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மூக்கை நீட்டி ஒரு வாய் காற்று வாங்கி, ஒரு குமிழியை விட்டுவிட்டு அடியில் போய்விட்டது.

அப்பா குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் வாலை மட்டும்தான் பார்த்தார். இன்னும் அந்தக் குடையைத் திட்டுகிறார்.

நான் தொடவில்லை. கையில் கொசு மருந்து பூசியிருந்தேன். அது தோலாலும் மூச்சு விடுகிற பிராணி, நாம் பூசியதெல்லாம் உள்ளே இறங்கிவிடும். செருப்புச் சேற்றையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த குட்டைக்குப் போனோம். நெதர்லாந்தில் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்த பூஞ்சை ஒன்று சேற்றோடும் போகுமாம். இந்த இமயமலைக்காரனையே வேறொரு இனத்தோடு சேர்த்து எண்ணிக்கொண்டிருந்து, 2015-ல்தான் தனிப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த கையோடு தொலைத்துவிடக் கூடாதே.

எந்தக் குட்டை என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாய். சொல்லமாட்டேன். இதற்காகவே 1985-ல் சரணாலயமாக்கிய ஜோர்போக்ரி இருக்கிறது, அங்கே போய்ப் பார். நாங்கள் பார்த்தது வேறு இடம். பிடித்து விற்கிறவர்கள் காத்திருக்கிறார்கள். நீயோ படத்தோடு இடத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அடுத்த மழைக்கு நீயே வா, கூட்டிக்கொண்டு போகிறேன். மழைக்கோட்டு எடுத்து வா. குடை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா